மைக்கை அவன் கையிலேயே விட்டிருக்கலாம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது.

ஆசிய நாடுகளில் வாலிப ஊழியத்துக்குத் தலைவர்களைப் பயிற்றுவிக்கிற குழுவில் சேர்ந்துவிட்டேன் என்று நேற்று போனில் சொன்னாய். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் சீக்கிரம் வைத்துவிட்டேன். சொல்ல நினைத்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் சபையில் 18 வருஷம் வாலிபர் ஐக்கியத்தை நடத்தினேன் அல்லவா? பாட்டு எடுப்பது நான், வேதபாடம் நான், முகாமுக்கு ஆள் சேர்ப்பதும் நான். ஒரு சனிக்கிழமை பதினேழு வயதுப் பையன் ஒருவன், "அக்கா, இன்னிக்கு நான் செய்தி கொடுக்கட்டுமா?" என்று கேட்டான். நோட்டிலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதி வந்திருந்தான். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், ராஜாவாகிய சவுலையும் பிறகு பவுலான தர்சு பட்டணத்துச் சவுலையும் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டான். நான் எழுந்துபோய் மைக்கை வாங்கித் திருத்தினேன். திருத்தியதோடு விட்டேனா? மீதிச் செய்தியையும் நானே பேசி முடித்தேன். அவன் ஓரமாக நின்று அந்தத் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கப்புறமும் அவன் கூட்டத்துக்கு வந்தான், ஆனால் கடைசி வரிசையைத் தாண்டி ஒருநாளும் வரவில்லை.

முழங்கால் வலி வந்து நான் விலகினேன். ஆறு மாதத்துக்குள் ஐக்கியமே நின்றுபோயிற்று. பிள்ளைகள் வழிவிலகிப் போனார்கள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை. நான் யாரையும் பழக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

2 தீமோத்தேயு 2:2-ஐ எடுத்துப் பார். அந்த ஒரே வசனத்துக்குள் நான்கு தலைமுறை இருக்கிறது: பவுல், அவரிடம் கேட்டுக் கற்ற தீமோத்தேயு, அவர் அதை ஒப்புவிக்கிற உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகிற மற்றவர்கள். நான் முதல் தலைமுறையிலேயே நின்றுவிட்டேன். நீ பயிற்சி நடத்திவிட்டு வந்தபின், ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: "நீ இப்போது யாரைப் பழக்குகிறாய்?"

அசரியா பேராயரை அடிக்கடி நினைத்துக்கொள். 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டியதுமே ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகித் தென்னிந்திய வாலிபர்களிடையே ஊழியம் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிவிட்டது. ஆசியாவில் ஓர் ஊர் இன்னோர் ஊரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கதை இது. அப்புறம் 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு 35 வயது. அவர் அதைச் சொன்னது சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்தவர்களைப் பார்த்து. இனிமேல் அந்த இடத்தில் நிற்கப்போவது நீ. வகுப்பு முடிந்ததும் அறைக்குள் போய்விடாதே. அவர்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நீயும் போய் நில். உண்மையான பேச்சு அங்கேதான் வரும்.

ஊருக்கு ஊர் பாரம் வேறு. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொடுமையில் சபைத் தலைவர்களில் பெரும்பாலோரை இழந்துவிட்டார்கள். அங்கே வாலிபரை நடத்துகிறவருக்குப் பார்த்துக் கற்றுக்கொள்ள மூத்தவர்கள் குறைவு. பிலிப்பைன்ஸில் அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில் வேலை செய்கிற பிள்ளைகள் ஏராளம். அங்கே வாலிபர் தலைவர் பாதி அண்ணனாகவும் இருக்க வேண்டியிருக்கும். தென் கொரியாவில் பிள்ளைகளின் மாலை நேரமெல்லாம் டியூஷனில் போய்விடுகிறது. நேபாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை. ஒரே பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எல்லா ஊருக்கும் போனால் எப்படிச் சரிப்படும்? முதல் நாள் முழுவதும் அவர்களைப் பேசவிட்டு நீ கேட்டுக்கொண்டிரு. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் உன் ஒரு மணி நேரம் அரை மணி நேரம்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிறு பிள்ளைகளோடு எந்தத் தலைவரும் தனியறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். காணிக்கைப் பணத்தை எண்ணும்போதும் இரண்டு பேர். இதையெல்லாம் முதல் நாளிலேயே சொல்லிவிடு. "நம்ம ஊழியக்காரர்தானே" என்று விட்டுவிடுவதில் எத்தனையோ பிள்ளைகள் காயப்பட்டிருக்கிறார்கள், எத்தனையோ ஊழியம் அழிந்திருக்கிறது. அதே மாதிரி, குரூப் போட்டோ எடுத்த உடனே வாட்ஸ்அப்பில் போடாதே. உனக்கு அது நினைவுப் படம். சிலருக்கு அதனாலேயே வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும்.

உன் பயிற்சியில் யாராவது எழுந்து நின்று தப்பாகப் பேசுவார்கள். பேசட்டும். முடித்து உட்காரட்டும். அப்புறம் தேநீர் நேரத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொல். அடுத்த நாளும் அவர்களையே பேச விடு. எனக்கு அன்றைக்கு அந்த இரண்டாவது நாளைக் கொடுக்கத் தோன்றவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். போன மாதம் அவனைத் தேடிப்பிடித்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அக்கா, அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள்ளதான் இருக்கு" என்றான்.

என் ஜெப நோட்டில் உனக்காகப் புதிதாக ஒரு பக்கம் விட்டிருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களின் பெயர்களை எழுதி அனுப்பு. பெயர் சொல்லக் கூடாத ஊராக இருந்தால் முதல் எழுத்து மட்டும் போதும், நான் அதைச் சொல்லியே ஜெபம் பண்ணுகிறேன்.

அன்புடன்,
அம்மா