செயலாளரின் ஆண்டறிக்கை: கிட் கிறீக்கோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, இளையோர் பிரிவினரே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் தீர்மானப்படி, இந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கனியப் படிவைத்தான் பார்த்தோம். அதற்கு முன்பெல்லாம் மாதம் ஒரு கல், மாதம் ஒரு பேச்சு என்று போனது. கேட்டதில் பாதி வாகனத் தரிப்பிடம் போவதற்குள் மறந்துபோகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். ஆகவே ஒன்ராறியோவின் ரிமின்ஸ் நகருக்கு வடக்கே இருக்கும் கிட் கிறீக் சல்பைட்டுப் (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனியம்) படிவைத் தெரிவுசெய்தோம். செப்பு, நாகம், ஈயம், வெள்ளி எல்லாம் ஒரே உடலில் கிடக்கிற இடம் அது. நாங்கள் வாழும் மாகாணத்திலேயே இருக்கிறது. அதைத் தேடிய கதையோ, நீதிமன்றத் தீர்ப்பொன்றில் திகதி வாரியாகப் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு வசதி வேறெந்தப் படிவுக்கும் கிடைக்காது.

நிருவாக விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெப்ரவரிக் கூட்டம் பனிப்புயலால் தள்ளிப்போனது. மற்றவை ஒழுங்காக நடந்தன. சந்தா உயரவில்லை, மண்டப வாடகைதான் உயர்ந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்திலிருந்து கைவில்லைகளை எடுத்துச் சென்றவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இனி விடயத்துக்கு வருகிறேன். குளிர்காலக் கூட்டங்களைப் பாறைக்கே ஒதுக்கினோம். கிட் கிறீக், ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் நீண்டு கிடக்கும், பழைய எரிமலைப் பாறைகளாலான அபிற்றிபி பச்சைப்பாறைப் பட்டியில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகள். அப்போது அந்த இடம் கடலடி. எரிமலைகள் வெடித்துக்கொண்டிருந்த கடலடி. வெடிப்புகளுக்குள் இறங்கிய கடல்நீர், ஆழத்தில் கொதித்து, பாறையிலிருந்த உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே திரும்பியது. குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் கரைந்து வந்தது எல்லாம் சல்பைட்டாகப் படிந்தது. இது வெறும் ஊகம் அல்ல. 1979 இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் அல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், 350 பாகைக்கும் மேலான கரிய நீரைக் கக்கும் குழாய்களை நேரில் கண்டார்கள். கிட் கிறீக்கைத் துளையிட்டவர்களுக்கு அந்தக் காட்சி கிடைத்திருக்கவில்லை. அவர்கள் துளையிட்டது 1963 இல்.

ஒரே நீரில் வந்த உலோகங்கள் ஏன் வேறு வேறு அடுக்கில் கிடக்கின்றன என்று இளையோர் பிரிவிலிருந்து கேள்வி வந்தது. நல்ல கேள்வி. செப்பு கரைந்திருப்பதற்கு அதிக சூடு வேண்டும். நீர் சற்று ஆறினாலே கல்கோபைரைற்றாக (செப்பு–இரும்புச் சல்பைட்டு) இறங்கிவிடும். நாகமும் ஈயமும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் அடியில், நீர் ஏறி வந்த வழியில், றையோலைற்று என்ற எரிமலைப் பாறையை நரம்புகளாகக் கிழித்துக்கொண்டு செப்பு. மேலே, பழைய கடலடியை ஒட்டி, பட்டை பட்டையாக ஸ்பலரைற்றும் (நாகச் சல்பைட்டு) பைரைற்றும் (இரும்புச் சல்பைட்டு). அப்புறம் மலையாக்கம் வந்து எல்லாவற்றையும் மடித்து, ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்திவிட்டது. படுத்துக் கிடக்கவேண்டிய படிவு எழுந்து நிற்பதால்தான், 1966 இல் திறந்த குழியாகத் தொடங்கிய சுரங்கம் இன்று நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீற்றரை நெருங்கியிருக்கிறது.

ஜனவரிக் கூட்டத்தில் ஸ்பலரைற்றுத் துண்டொன்றை மெருகிடாத பீங்கான் தகட்டில் உரசிப் பார்த்தோம். கல் கறுப்பு, ஆனால் விழுந்த கோடு வெளிர் மஞ்சட் கபிலம். அந்தத் தூளில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. கந்தகம் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. மண்டபப் பொறுப்பாளர் வந்து யன்னல்களைத் திறக்கச் சொன்னார். வெளியே எவ்வளவு குளிர் என்பது வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இளவேனிற் கூட்டங்கள் தேடிய வரலாற்றுக்கு. ரிமின்ஸ் பக்கம் மனித நடமாட்டம் இல்லாத காடு அல்ல. 1909 இல் அங்கே பொன் கண்டுபிடிக்கப்பட்டது. ஹொலிஞ்சர், டோம், மக்கின்ரயர் என்ற பெரிய பொற்சுரங்கங்கள் ஊரையே உருவாக்கின. அரை நூற்றாண்டாகச் சுத்தியலோடு நடந்தவர்களுக்குப் பக்கத்திலேயே கிடந்த இந்தப் படிவு ஏன் அகப்படவில்லை? பனிக்கால முடிவில் அங்கே பரந்திருந்த ஏரியொன்றின் களிமண் நிலத்தை மூடியிருந்தது, அதற்கு மேல் சதுப்பு. தெரிகிற பாறை மிகக் குறைவு. கண்ணால் தேடுபவருக்கு அங்கே வேலை இல்லை.

1959 இல் ரெக்ஸஸ் கல்ஃப் சல்பர் என்ற அமெரிக்கக் கம்பனி, கனடியக் கேடயப் பாறைப் பரப்பில் 15,000 சதுர மைலுக்கும் மேல் வானிலிருந்து மின்காந்த அளவை செய்தது. மேலிருந்து அனுப்பும் மாறுகின்ற காந்தப் புலம், நிலத்தடியில் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் இருந்தால் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலத்தைக் கருவி பிடிக்கும். ஆனால் காரீயகம் (பென்சிலில் இருக்கும் கரி) கலந்த களிப்பாறையும் சல்பைட்டைப் போலவே மின்சாரம் கடத்தும். ஆகவே கருவி காட்டும் அனோமலி (சுற்றுப்புறத்திலிருந்து விலகிய அளவீடு) ஒவ்வொன்றும் புதையல் அல்ல. பெரும்பாலானவை வெறும் கரி. அவற்றில் எதைத் துளையிடுவது என்று முடிவெடுப்பதில்தான் புவிச்சரிதவியலாளரின் திறமை இருக்கிறது. பக்கத்தில் றையோலைற்று இருக்கிறதா என்று பார்ப்பது, மேலே சொன்ன காரணத்தால், அர்த்தமுள்ள வடிகட்டல்.

கிட் 55 என்று குறிக்கப்பட்ட துண்டில் தெரிந்த அனோமலியை நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் நெருங்க முடிந்தது. அது தனியார் காணி. உடன்பாடு வரக் காலம் எடுத்தது. 1963 ஒக்ரோபர் 29, 30 இல் கம்பனியின் புவிப்பௌதிகவியலாளர் றிச்சர்ட் கிளேற்றன் தரையில் அளந்து அனோமலியை உறுதிசெய்தார். நவம்பர் 8 இல் முதல் துளை தொடங்கியது. 12 ஆம் திகதி 655 அடியில் நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் சபை கொஞ்சம் பொறுமை காக்க வேண்டும். இந்த ஆண்டில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். அந்தத் துளையிலிருந்து வந்த பாறைத்தண்டைக் கம்பனியின் புவிச்சரிதவியலாளர் வோல்ற்றர் ஹொலிக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்: 599 அடி நீளத்துக்குச் சராசரி 1.15 சதவீதம் செப்பு, 8.64 சதவீதம் நாகம். பிறகு தண்டு யூட்டாவுக்குப் போய், இரசாயனப் பகுப்பாய்வு டிசம்பர் தொடக்கத்தில் வந்தது: 602 அடிக்கு 1.18 சதவீதம் செப்பு, 8.26 சதவீதம் நாகம். வித்தியாசம் எவ்வளவு சிறிது என்று பாருங்கள். கண்ணுக்கு அகப்படாத ஒன்றும் அதில் இருந்தது: தொன்னுக்கு 3.94 அவுன்ஸ் வெள்ளி.

இப்படிக் கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதை செப்ரெம்பர்ப் பயணத்தில் அனுபவித்தோம். சட்பரி வழியாக 144 ஆம் பெருந்தெருவில் வான்களில் ரிமின்ஸுக்குப் போனோம். சுரங்கம் பார்வையாளருக்குத் திறந்ததல்ல. ஆகவே மாகாண அரசின் பிராந்தியப் புவிச்சரிதவியலாளர் அலுவலகத்தில் முன்னனுமதி பெற்று, அங்கே சேமித்திருக்கும் பாறைத்தண்டுகளைப் பார்த்தோம். நீண்ட பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருந்தன. காய்ந்திருக்கும்போது எல்லாமே ஒரே சாம்பல். ஈரத் துணியால் துடைத்ததும் பித்தளை மஞ்சளில் கல்கோபைரைற்று நரம்புகள் பளிச்சென்று எழுந்தன. எத்தனை சதவீதம் செப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து என்றார்கள். மினுங்குகிற பொருள் கண்ணை ஏமாற்றும். கல்கோபைரைற்றிலேயே செப்பு மூன்றில் ஒரு பங்குதான். ஹொலிக் சொன்ன 1.15 சதவீதத்துக்குத் தண்டில் நூற்றுக்கு மூன்று பங்கு மஞ்சள் இருந்தாலே போதும். நூற்றுக்கு மூன்றையும் நூற்றுக்கு ஐந்தையும் பிரித்தறியும் கண் பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. பயணத்தின் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன். தங்குமிடத்துச் சாப்பாட்டைப் பற்றி எழுத்தில் வந்த முறைப்பாடுகளை உபகுழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து நடந்ததற்குத்தான் எப்போதும் மண்டபம் நிறைகிறது. பாறைக் கூட்டங்களில் கதிரைகள் காலி. பங்குச் சந்தைக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று கேட்டார்கள். சரி, அதையும் பதிவில் வைப்போம். சுற்றியுள்ள காணிகளை வாங்கி முடிக்கும்வரை கம்பனி இரகசியம் காத்தது. துளையை மறைத்தார்கள். அனோமலிக்கு வெளியே வேண்டுமென்றே இன்னொரு துளை போட்டு, ஒன்றுமில்லாத பாறைத்தண்டை எடுத்தார்கள். கம்பனியின் மற்ற அதிகாரிகளுக்கே முடிவைச் சொல்லக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. 1964 மார்ச் 31 இல்தான் மீண்டும் துளையிடத் தொடங்கினார்கள். இந்த இடைவெளியில், விடயம் தெரிந்த சிலர் கம்பனியின் பங்குகளை வாங்கினார்கள். ஏப்பிரலில் நியூயோர்க் பத்திரிகைகளில் வதந்தி வெளிவந்ததும், 12 ஆம் திகதி கம்பனி ஓர் அறிக்கை விட்டு அதைத் தணிக்கப் பார்த்தது. நான்கே நாளில், 16 ஆம் திகதி, குறைந்தது 25 மில்லியன் தொன் தாது என்று அறிவித்தது. துளை தொடங்கிய நாளில் 17 டொலர் சொச்சமாக இருந்த பங்கு, மே நடுப்பகுதியில் 58 டொலரைத் தாண்டியது.

1968 ஓகஸ்ற் மாதம் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வெளியே சொல்லப்படாத முக்கிய தகவலை வைத்திருப்பவர் அதை வெளிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பங்கு வாங்காமல் இருக்க வேண்டும். உள்வீட்டுத் தகவலை வைத்து வியாபாரம் செய்வதைப் பற்றிய சட்டத்தில் இன்றும் இந்தத் தீர்ப்பு படிக்கப்படுகிறது. சட்டம் படிக்கும் உறுப்பினர் ஒருவர் இதை அழகாக விளக்கினார், அவருக்கு நன்றி. ஒரு நுணுக்கத்தையும் அவர் சொன்னார், அதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். காணி வாங்குவதற்காக முடிவை மறைத்து வைத்ததை நீதிமன்றம் குற்றமாகக் காணவில்லை. மறைத்துக்கொண்டே பங்கு வாங்கியதுதான் குற்றம். இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எங்கள் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் நேரம் கடந்தும் ஓயவில்லை.

1964 கோடையிலேயே ரிமின்ஸ் பக்கத்தில் விண்ட்ஃபோல் என்ற சிறு கம்பனியின் பங்கு, பக்கத்துக் காணியில் ஏதோ கிடைத்துவிட்டதாம் என்ற பேச்சிலேயே, ஒரு டொலருக்கும் குறைந்த விலையிலிருந்து ஐந்து டொலருக்கு மேல் ஏறியது. ஜூலை முடிவில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் விழுந்தது. ஒன்ராறியோ அரசு விசாரணை ஆணைக்குழு வைத்தது. 1966 இல் புதிய பங்குப் பத்திரச் சட்டம் வந்தது. ஒரே அனோமலியின் அடியில் இரண்டு நாட்டுச் சட்டம் திருந்தியிருக்கிறது.

இளையோர் பிரிவின் நிகழ்வில் தண்ணீர்தான் நாயகன். சுரங்கத்தின் 2.4 கிலோமீற்றர் ஆழத்தில், பாறை வெடிப்பிலிருந்து கசிந்த நீர் குறைந்தது 150 கோடி ஆண்டுகளாக வெளியுலகைத் தொடாமல் இருந்தது என்று 2013 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஷேர்வூட் லொல்லாரும் அவர்களில் ஒருவர். பிறகு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் இன்னும் பழையது, சுமார் 200 கோடி ஆண்டுகள் என்று மதிக்கப்பட்டது, கிடைத்தது. நீரில் அடைபட்ட சடத்துவ வாயுக்களை அளந்துதான் வயதைக் கணிக்கிறார்கள். பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் சிதையச் சிதைய ஈலியமும் ஆகனும் சேர்ந்துகொண்டே போகும். குடித்தால் எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாவில் தொட்டுப் பார்த்த லொல்லார், உப்பும் கசப்புமாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு யோசனைகள் செயற்குழுவிடம் இருக்கின்றன. சட்பரி என்பது ஒன்று. திருகோணமலையைச் சேர்ந்த உறுப்பினர்கள் சேருவிலவின் செப்பு–மக்னற்றைற்றுப் (காந்த இரும்புத் தாது) படிவைக் கேட்கிறார்கள். என் சொந்த விருப்பம் சேருவில. ஊரில் இருந்தபோது அந்த வழியால் போனவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். காலடியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? ஆனால் அதற்கான வரைபடங்களையும் அறிக்கைகளையும் இப்போதே சேர்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு ஓர் உபகுழு அமைக்கும் பிரேரணை இன்றைய நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செப்ரெம்பர்ப் பயணத்தில் சிலர் தெருவோரத்தில் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒன்ராறியோவில் கனிய உரிமை பதிவான காணியில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது. 2018 முதல் உரிமைப் பதிவுகள் எல்லாம் இணையவழிதான். வரைபடத்தைத் திறந்தால் எந்தக் காணிக்கு உரிமை பதிவாகியிருக்கிறது என்று தெரியும். அடுத்த பயணத்துக்கு முன் பயண உபகுழு அந்த வரைபடத்தைப் பார்த்து, இறங்கக்கூடிய இடங்களின் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பும்.

இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் கையை உயர்த்தவும். அடுத்து பொருளாளர் கணக்கறிக்கையை வாசிப்பார்.

செயலாளர்