காது கூர்மையானால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுவது பற்றி வந்த கட்டுரை, கூரிய காதும் நீண்ட ஆயுளும் கொண்ட கற்பனை இனமான எல்ஃப்களை 'வனம், கடல், நிலத்தடி' என்று மூன்றாகப் பிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது. புதிதாக எழுத வருகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரே ஆளுக்கு மூன்று உடுப்பு மாட்டியது போலத்தான் இருக்கும். எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், எப்போது, ஏன் பிரிந்தார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கை முதலில் போட வேண்டும். பச்சை அங்கியும் கூரிய காதும் அப்புறம்.

ஆயுளை எடுத்துக்கொள்வோம். 700 ஆண்டு வாழ்வு, 100 வயதில் பருவம், 400 வரை மகப்பேறு, 50 ஆண்டுக்கு ஒரு பிள்ளை. 'அபூர்வமாகத்தான் குழந்தை பிறக்கும்' என்று இதைக் கதையில் எழுதிவிடுவார்கள். ஆனால் தம்பதிக்கு 6 பிள்ளை ஆயிற்றே, தலைமுறைக்கு மும்மடங்கு. தலைமுறை 250 ஆண்டு என்று வைத்தாலும், 2,000 ஆண்டில் 1,000 பேர் 65 லட்சத்தைத் தாண்டிவிடுவார்கள். 'அருகிவரும் இனம்' என்று காட்ட வேண்டுமானால் தம்பதிக்கு இரண்டே பிள்ளை, அதிலும் பத்தில் ஒருவர் வாரிசின்றிப் போக வேண்டும். அப்போது அதே காலத்தில் 1,000 பேர் ஏறக்குறைய 430 ஆகிவிடுவார்கள். அந்த 430 பேரில் ஒரு சண்டையில் 50 பேர் செத்தால் என்ன ஆகும்? போருக்கு அவர்கள் ஏன் தயங்குகிறார்கள், ஒரு தூதுக்குப் பதில் சொல்ல ஏன் பத்து ஆண்டு எடுக்கிறார்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதிகம் சறுக்குவது மொழியில்தான். 'ஆயிரம் ஆண்டுக்கு முன் பிரிந்தார்கள், இப்போது ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது' என்று எழுதுகிறார்கள். ஆயிரம் ஆண்டு மனிதருக்கு 40 தலைமுறை, இவர்களுக்கு 4. மனிதக் கணக்கில் அது வெறும் 100 ஆண்டு. தொனி மாறும், சில சொற்கள் வழக்கொழியும், அவ்வளவுதான். போதாததற்கு, பிரிந்த நாளைக் கண்ணால் பார்த்த பாட்டி இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். மொழி வேறாக வேண்டுமென்றால் பத்தாயிரம் ஆண்டு கொடுங்கள். இல்லையேல் வலுவான காரணம் கொடுங்கள்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய, மொழிநூல் பேராசிரியரான டோல்கீன் காரணத்தையும் கொடுத்தார். அவர் எல்ஃப்கள் பிரிந்தது நிலத்தால் அல்ல, ஒரே நடைப்பயணத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதால்: புறப்பட மறுத்தவர்கள், மலையைக் கண்டு திரும்பியவர்கள், இக்கரையில் தங்கியவர்கள், கடல் கடந்தவர்கள். கடந்தவர்களின் மொழியான குவென்யாவில் பின்னிஷ் சாயல். தங்கியவர்களின் மொழியான சிந்தாரினில் வெல்ஷ் சாயல். குவென்யாவில் 'எல்டா' பன்மையில் 'எல்டார்' ஆகும், ஈற்றில் ஓர் ஒலி கூடும். சிந்தாரினில் 'அமோன்' (குன்று) 'எமின்' ஆகும், உள்ளே இருக்கும் உயிரே மாறும்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. கடல் கடந்த ஒரு குலத்தில் பழைய 'த' போன்ற ஒலி மெல்ல 'ச' ஆகிறது. அந்தக் குலத்து இளவரசன் ஃபெயனோரின் இறந்துபோன தாய்க்கு 'தெரிந்தே' என்று ஒரு பெயர். ஊசிவேலைக்காரி என்று பொருள். ஊர் அதைச் 'செரிந்தே' ஆக்கிவிட, சிற்றன்னையும் 'ச'வையே பேச, மகனுக்கு அது தாயை அவமதிப்பதாகப் படுகிறது. அவனும் அவன் பிள்ளைகளும் பிடிவாதமாகப் பழைய ஒலியையே பேசுகிறார்கள். (நம் காதுக்கு எல்லாம் 'தெரிந்தே' செய்தது போலத்தான் கேட்கிறது.) ஓர் எழுத்து கட்சி அடையாளம் ஆகிவிட்டது. பின்னர் இக்கரை அரசன், தன் உறவினரைக் கொன்றவர்களின் மொழி என்று குவென்யாவுக்கே தடை போடுகிறான்; அது அன்றாடப் பேச்சிலிருந்து விலகி ஏட்டுக்கும் சடங்குக்கும் உரியதாகிறது.

டோல்கீன் எல்ஃப்களின் நாட்காட்டியும் அப்படித்தான். பன்னிரண்டை அடியாகக் கொண்ட எண். வாரத்துக்கு 6 நாள். 144 சூரிய ஆண்டு அவர்களுக்கு ஒரு பேராண்டு. பருவம் ஆறு: நான்குக்கு 54 நாள், கோடைக்கும் குளிருக்கும் 72 நாள். கூட்டினால் 360, மீதி 5 நாள் பருவத்துக்கு வெளியே நிற்கும். நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

சாப்பாட்டுக்கு வருவோம். வேட்டையும் பொறுக்கலும் மட்டும் என்றால் ஒரு சதுர கிலோமீட்டர் காடு ஒருவரைத் தாங்குவதே பெரிது. 10,000 பேர் கொண்ட மர நகரத்துக்கு 100 கிலோமீட்டர் நீளமும் 100 கிலோமீட்டர் அகலமும் உள்ள காடு வேண்டும். அதனால் மரம் வளர்க்கட்டும். ஓக் நன்றாகக் காய்க்க 20 ஆண்டுக்கு மேலாகும். மனிதர் பேரனுக்கு நடுவதை எல்ஃப் தனக்கே நடலாம். ஆனால் ஓக் கொட்டையில் 'டேனின்' என்ற கசப்புப் பொருள் உண்டு. இடித்து மாவாக்கி, கசப்பு நீங்கும்வரை நீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். துணியில் கட்டி ஓடையில் போட்டால் வேலை மிச்சம், கசப்போ கீழே இருப்பவர் குடிநீருக்குப் போகும். ஓடையின் மேல்பக்கம் எந்தக் குடிக்கு என்ற வழக்கு அங்கே பிறக்கும்.

நிலத்தடி எல்ஃப்களுக்கு எல்லோரும் காளானைக் கொடுத்துக் கைகழுவுகிறார்கள். காளானுக்கு வெயில் வேண்டாம், ஆனால் மக்குவதற்கு வைக்கோலோ மரமோ வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலில் நன்றாக வந்தால் ஒரு கிலோ சிப்பிக்காளான் எடுக்கலாம். அதில் சுமார் 330 கலோரி. ஆளுக்கு 2,000 கலோரி என்றால் தினம் 6 கிலோ. ஆயிரம் பேர் ஊருக்கு நாளொன்றுக்கு 6 டன் வைக்கோல் மேலிருந்து இறங்க வேண்டும். வாங்குகிறார்களா, கொள்ளையடிக்கிறார்களா? அவர்கள் பண்பாடு அந்தப் பதிலில் இருக்கிறது, தோல் நிறத்தில் இல்லை.

கடல் எல்ஃப் பற்றி ஒன்றே ஒன்று. நீருக்கடியில் உலை மூட்ட முடியாது. கையில் இரும்பு ஈட்டி இருந்தால், கரையில் யாரோ விற்றிருக்கிறார்கள்.

கடைசியாக, எல்ஃபுக்குக் கட்டுரையாளர் கையாண்ட 'குட்டிச்சாத்தான்' என்ற சொல். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதிய 'எட்டா' என்ற புராணக்கதை நூலில், ஒளி எல்ஃப்கள் சூரியனைவிட அழகானவர்கள், இருள் எல்ஃப்கள் நிலத்தடியில் வாழ்பவர்கள். அதே நூலில் கறுப்பு எல்ஃப்களின் நாட்டுக்குப் போகிறவர் சந்திப்பது குள்ளர்களை. ஆக, கறுப்பு எல்ஃப்களும் குள்ளர்களும் ஒரே இனமா என்ற சந்தேகம் அங்கேயே இருக்கிறது. சாத்தானுக்கு இங்கே வேலையில்லை. தொடரின் அடுத்த பகுதியில் 'எல்ஃப்' என்றே அச்சிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்