கோலப் படத்துக்குக் கீழ "நன்றி: இணையம்"னு போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்துல இருந்து எழுதறேன். கோலத்துக்குன்னே ஒரு பிளாக் வச்சு பல வருஷமா நடத்திட்டு வர்றேன், புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், மாவு அரைச்சுப் போடற இழைக் கோலம், காவி கட்டற படிக்கோலம் எல்லாம் அதுல இருக்கு. போன மார்கழியில ஒரு பத்திரிகையோட இணைப்புல நான் போட்ட கோலம், நான் எடுத்த போட்டோ, முழுப் பக்கத்துல வந்துச்சு, கீழ "நன்றி: இணையம்"னு போட்டிருந்தாங்க. எதிர் வீட்டு மாமிதான் கொண்டு வந்து காமிச்சாங்க, "இது நம்ம வாசல் மாதிரியே இருக்கேடி"ன்னு. மாதிரி இல்ல, நம்ம வாசலேதான், ஓரத்துல எங்க துளசி மாடத்தோட கால் தெரியுது. உங்க பத்திரிகை இல்ல அது. ஆனா உங்க இணைப்புலயும் இந்த "நன்றி: இணையம்" அடிக்கடி பார்க்கறேன், அதனாலதான் உங்களுக்கே எழுதறேன்.

இதுல என்ன அவ்ளோ வருத்தம்னு கேக்கலாம். என்னை மாதிரி எழுதறவங்களுக்கு ஆளுங்க வர்ற வழியே படம்தான்னு தெரிஞ்சாதான் அது புரியும்.

நான் ஆரம்பிச்ச காலத்துல தமிழ்மணம் மாதிரி, எல்லார் பிளாக்கையும் ஒரே இடத்துல காட்டற திரட்டி இருந்துச்சு, புதுசா எழுதினா அதுல வந்துடும், அப்புறம் கூகுள் ரீடர்ல சேர்த்து வச்சுப் படிக்கறவங்க இருந்தாங்க. 2013 ஜூலையில கூகுள் ரீடரை மூடினாங்க, எல்லாரும் பேஸ்புக் பக்கம் போயிட்டாங்க, என் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு பேர் வந்தாலே பெருசுன்னு ஆயிடுச்சு. நிறுத்திடலாம்னு இருந்தப்போதான் என் அக்கா பொண்ணு சொன்னா, "சித்தி, கோலத்தை எழுத்துல யார் தேடுவாங்க, படமாத்தான் தேடுவாங்க, நீங்க பின்ட்ரெஸ்ட்ல போடுங்க"ன்னு.

இன்ஸ்டாகிராமும் பின்ட்ரெஸ்டும் 2010லதான் வந்துச்சு, ரெண்டும் படம் போடற இடம்தான், ஆனா வேலை செய்யற விதம் வேற வேற. முதல்ல ரெண்டுலயும் ஒரே படத்தைப் போட்டுப் பார்த்தேன். இன்ஸ்டாகிராம்ல ஹார்ட் நிறைய விழுந்துச்சு, ஆனா பிளாக்குக்கு யாரும் வரல, ஏன்னா படத்துக்குக் கீழ எழுதற இடத்துல லிங்க் குடுத்தா அது வெறும் எழுத்தாத்தான் நிக்கும், தொட்டா திறக்காது. புரொபைல்ல லிங்க் வைக்கலாம், ஸ்டோரியில லிங்க் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் 2021 வரைக்கும் பெரிய கணக்கு வச்சிருக்கறவங்களுக்குத்தான் ஸ்டோரியில லிங்க் குடுக்க முடிஞ்சுது, ஸ்டோரியோ 24 மணி நேரத்துல போயிடும். பின்ட்ரெஸ்ட்ல அப்படி இல்ல. அங்க போடற படத்துக்குப் பேர் பின், ஒவ்வொரு பின்னுக்கும் பின்னாடி ஒரு லிங்க் இருக்கும், தொட்டா நேரா என் பக்கத்துக்கு வந்துடலாம், அதை வேற ஒருத்தர் படம் சேர்த்து வைக்கற அவங்க போர்டுல சேமிச்சாலும் லிங்க் கூடவே போகும். மூணு வருஷம் முன்னாடி போட்ட படிக்கோலத்துக்கு இன்னைக்கும் ஆள் வர்றாங்க.

கத்துக்கிட்டதை இங்க எழுதறேன், தமிழ்ல இதை யாரும் பொறுமையா சொல்ல மாட்டேங்கறாங்க. படம் செங்குத்தாத்தான் நிக்கணும், அகலம் ரெண்டு பங்குன்னா உயரம் மூணு பங்கு, 1000க்கு 1500 பிக்சல், போன்ல அதுதான் நிறைய இடம் பிடிக்கும். கோலம் சதுரமாத்தானே வரும், அதனால மேல மிச்சம் இருக்கற இடத்துல பெரிய எழுத்துல "7 புள்ளி, 4 வரை, ஊடு புள்ளி"ன்னு எழுதிடுவேன். கோலம் தேடற பொம்பளைங்க முதல்ல பார்க்கறது புள்ளிக் கணக்கைத்தான், வாசல் எவ்ளோ பெருசோ அதுக்குத் தகுந்த கோலம்தானே போட முடியும். லிங்க் குடுக்கும்போது பிளாக்கோட முகப்பைக் குடுக்கக் கூடாது, அந்தக் கோலம் இருக்கற பக்கத்தையே குடுக்கணும், முகப்புல வந்து இறங்கினவங்க தேடிட்டு இருக்க மாட்டாங்க, திரும்பிப் போயிடுவாங்க. விவரம் எழுதற இடத்துல தமிழ்லயும் எழுதுவேன், அதையே இங்கிலீஷ் எழுத்துலயும் எழுதுவேன், நம்ம ஆளுங்க பாதிப் பேர் கோலம்னு தேடறதே இங்கிலீஷ் எழுத்துலதான். பிசினஸ் அக்கவுண்டா மாத்தறதுக்கு காசு கிடையாது, மாத்தி நம்ம தளத்தை நம்மதுன்னு உறுதி பண்ணிட்டா கணக்கெல்லாம் பார்க்கலாம். அதுல எத்தனை தடவை கண்ணுல பட்டுச்சுங்கற நம்பரைப் பார்த்து சந்தோஷப்படறதுல ஒண்ணும் இல்ல, வெளிய போற கிளிக் எத்தனைன்னு பாருங்க, அதுதான் நம்ம வீட்டுக்கு வந்தவங்க.

இன்னொண்ணு, மார்கழிக் கோலத்தை மார்கழியில போடக் கூடாது. டிசம்பர் பாதியில மார்கழி பிறக்குதுன்னா நவம்பர் ஆரம்பத்துலயே போட ஆரம்பிச்சுடணும், பின் பரவறதுக்கு நாள் பிடிக்கும், ஆளுங்களும் முன்னாடியே சேர்த்து வச்சுக்கறாங்க. பொங்கல் பானையும் தேர்க் கோலமும் டிசம்பர்லயே போட்டுடுவேன்.

இவ்ளோ பண்ணியும் வந்தவங்களுக்கு அங்க ஏதாவது இருக்கணும். முடிஞ்ச சிக்குக் கோலத்தை மட்டும் பார்த்தா கம்பி, அதான் புள்ளியைச் சுத்தி வர்ற கோடு, எங்க ஆரம்பிக்குது, எந்தப் புள்ளியைச் சுத்தி எங்க திரும்புதுன்னு புதுசா கத்துக்கறவங்களுக்குத் தெரியாது. அதே 7 புள்ளி ஊடு புள்ளிக் கோலம்னா 4, 5, 6, 7, 6, 5, 4ன்னு ஏழு வரிசை, மொத்தம் 37 புள்ளி, ரெண்டு புள்ளிக்கு நடுவுலதான் அடுத்த வரிசைப் புள்ளி வரணும், அதைத் தெரியாம நேர் புள்ளியா வச்சுட்டா கம்பி சேரவே சேராது. ஹிருதய கமலக் கோலமும் அப்படித்தான், எட்டுப் பக்கமும் அஞ்சஞ்சு புள்ளி, எந்தப் புள்ளியில இருந்து எதுக்குத் தாவணும்னு சொன்னாத்தான் வரும். அதனால முடிஞ்ச படம் பின்ட்ரெஸ்ட்ல, படிப்படியா எடுத்த படமும் விளக்கமும் பிளாக்ல. போன்ல எடுத்தது ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி இருக்கும், சுருக்கித்தான் ஏத்துவேன், இல்லன்னா பக்கம் திறக்கறதுக்குள்ள ஆள் போயிடுவாங்க.

இப்போ உங்க விஷயத்துக்கு வர்றேன் சார். பின்னை அப்படியே சேமிக்காம படத்தை மட்டும் டவுன்லோட் பண்ணி, ஓரத்துல இருக்கற பேரை வெட்டிட்டு, வாட்ஸ்அப்ல அனுப்பறாங்க, வேற பக்கத்துல ஏத்தறாங்க, அந்த நிமிஷமே லிங்க் போச்சு. தெரியாம பண்றவங்களை நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா பத்திரிகையில உட்கார்ந்து வேலை பார்க்கறவங்களுக்கு ஒரு படத்தை கூகுள்ல போட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடத் தெரியும், ரெண்டு நிமிஷ வேலை அது. 1957ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டம் போட்டோவுக்கு ஆக்கியோன்னு சொல்றது அதை எடுத்தவங்களைத்தான், எடுத்தவங்க இருக்கற வரைக்கும், அவங்களுக்கு அப்புறம் 60 வருஷமும் அந்த உரிமை இருக்கு. இணையம்ங்கறது ஒரு ஆள் இல்லையே, அதுக்கு எப்படி நன்றி சொல்வீங்க.

கோலம் என்னோடதுன்னு நான் சொல்லல. அது எங்க பாட்டி போட்டது, அவங்க பாட்டி போட்டது, யார் வேணா எந்த வாசல்லயும் போடலாம், போடணும், அதுக்குத்தான் எழுதவே எழுதறேன். ஆனா விடிகாலை நாலரைக்கு எழுந்து, தண்ணி தெளிச்சு, ஈரம் காயறதுக்குள்ள போட்டு, தெரு விளக்கு வெளிச்சம் போதாம விடியற வரைக்கும் காத்திருந்து எடுத்த அந்தப் போட்டோ என்னோடது, கீழ எழுதின விளக்கம் என்னோடது. பேர் போட்டிருந்தா அந்தப் பக்கத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கான பேர்ல ஒரு நூறு பேராவது தேடி வந்திருப்பாங்க, பாதியில கம்பி சேராம விட்டவங்களுக்கு எங்க தப்புன்னு தெரிஞ்சிருக்கும்.

அதனால கேக்கறது ரெண்டே ரெண்டுதான். இணைப்புல வெளிப் படம் போட்டா முதல்ல எடுத்தவங்களைக் கேளுங்க, எனக்கு காசு கூட வேணாம், பேரும் தளத்தோட பேரும் போட்டா போதும். உங்க இணையப் பதிப்புல போடும்போது அந்தப் பேர்லயே லிங்க் குடுங்க, அச்சுல முடியாதது அங்க முடியும். இந்த வருஷம் மார்கழி முதல் நாளுக்கு 15 புள்ளி 8 வரை ஊடு புள்ளியில ஒரு தாமரைக் கோலம் எடுத்து வச்சிருக்கேன், படிப்படியா ஆறு படம், விளக்கத்தோட இந்தக் கடிதத்துலயே இணைச்சிருக்கேன், உங்க இணைப்புல இடம் இருந்தா தாராளமா போட்டுக்கோங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கும்பகோணம்.