காமிக்ஸுக்கு அரைப் பக்கம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை. காமிக்ஸ் ஓர் ஏணி, அதில் ஏறிப் பிள்ளைகள் நல்ல புத்தகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், அப்புறம் அது தேவைப்படாது என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு வயது 52. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாவல் படிக்கிறேன், கவிதை படிக்கிறேன், உங்கள் பத்திரிகையை 18 வருடமாக ஓர் இதழ் விடாமல் படிக்கிறேன். காமிக்ஸும் படிக்கிறேன். மாதாமாதம் சிவகாசியிலிருந்து பார்சல் வருகிறது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதை ஏணி என்று நான் நினைத்ததில்லை.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், 1972இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கியது. என்னைவிட ஒரு வயது மூத்தது. எனக்கு 11 வயதானபோது, 1984இல், லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்றுதான் விலை. அதுவும் எங்கள் வீட்டில் பெரிய காசு. அம்பாசமுத்திரத்தில் நாங்கள் இருந்த தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பைசா. அண்ணன்தான் போய் எடுத்து வருவான். பெண்பிள்ளை அங்கே போய் நிற்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் படித்தாக வேண்டும்.

திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நடுவில் அரிக்கேன் விளக்கை வைத்துப் படிப்போம். கரண்ட் இருக்கும் நாளில் விளக்கு வேண்டாம். அண்ணன் வேகமாகப் படிப்பான். நான் படத்தை விட்டு லேசில் நகர மாட்டேன். அவன் வலப்பக்கத்தை முடித்திருப்பான், நான் இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பேன். அவனுடைய கட்டைவிரல் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கும். "ஏட்டி, முடிச்சியா?" "இருண்ணே." இந்த இரண்டு வார்த்தையைத்தான் அந்த வயதில் நாங்கள் அதிகம் பேசியிருப்போம். சாணித்தாளின் மணமும் விரலில் ஒட்டும் மையும் இப்போது நினைத்தாலும் வருகிறது.

லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதை. ஒரு பெண் முன்னால் நின்று திட்டம் போடுகிறாள். அவளுடைய கூட்டாளி வில்லி கார்வின், அவ்வளவு பெரிய ஆள், அவளை 'இளவரசி' என்று கூப்பிட்டுக்கொண்டு, அவள் சொன்னதைச் செய்கிறான். வாடகைக் கடைக்குத் தனியாகப் போக முடியாத ஒரு பெண்பிள்ளை அதைப் படித்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரவு நான் தூங்கவே இல்லை. அந்தப் பாத்திரத்தைப் படைத்த பீட்டர் ஓடானல், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வட ஈரானில் ராணுவப் பணியில் இருந்தபோது பார்த்த ஓர் அகதிச் சிறுமியை மனதில் வைத்துத்தான் மாடஸ்டியை உருவாக்கினார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. தெரிந்த பிறகு அதே கதைகளை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அவள் சிரிக்கிற கட்டங்களைக்கூட இப்போது வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை அண்ணன் எடுத்து வந்த மாயாவி கதைக்கு அட்டையே இல்லை. கடைக்காரர் பழுப்புத் தாளை ஒட்டி அதில் ஓர் எண்ணை மட்டும் எழுதியிருந்தார். கதையின் பெயர்கூடத் தெரியாது. கடைசியில் மாயாவி எதிரிகளிடம் மாட்டிக்கொள்கிறார். மின்சாரம் பாய்ந்தால்தான் அவர் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். அறுந்து தொங்கும் ஒரு கம்பியை நோக்கிக் கை நீள்கிறது. தாளைப் புரட்டினால் மீதிப் பக்கங்களைக் காணோம். யாரோ கிழித்திருக்கிறார்கள். நானும் அண்ணனும் அந்தக் கதைக்கு எத்தனையோ முடிவுகள் வைத்தோம். ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதுகூட அதே பேச்சுத்தான்.

சில வருடங்களுக்கு முன் மறுபதிப்பாக வந்த ஒரு மாயாவி கதையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பி, அந்தக் கை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. உடனே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். "இரு, மிஷினை ஆஃப் பண்ணிட்டு வாறேன்" என்றான். வந்தான். நான் படிக்க ஆரம்பித்தேன். வசனத்தைப் படித்துவிடலாம். படத்தை எப்படிப் படிப்பது? ஒரு கட்டத்தில் வெறும் அறை, சுவர் ஓரமாக அந்தரத்தில் ஒரு கை. அவ்வளவுதான் வரைந்திருக்கிறார் ஓவியர். மீதி ஆள் அங்கே நிற்பதை நம் கண் தானாகவே பார்த்துக்கொள்கிறது. தோள் எங்கே, தலை எவ்வளவு உயரத்தில், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. எதையும் வரையவில்லை, ஆனாலும் தெரிகிறது. இதை ஃபோனில் சொல்ல என்னால் முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பவா என்று கேட்டேன். "வேண்டாம், பொங்கலுக்கு வாறேன், புஸ்தகத்தை எடுத்து வை" என்றான். வந்தான். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, நடுவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

அந்தக் கையை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் தொடங்கிய தொடர்தான் தமிழில் மாயாவி கதையாக வந்தது. இல்லாத உடம்பை வாசகர் மனதில் நிற்கவைப்பது சின்ன வேலையா? கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியிலும் அதேதான் நடக்கிறது. ஒரு கட்டத்தில் துப்பாக்கியில் கை வைக்கிறான், அடுத்த கட்டத்தில் 'டுமீல்' என்ற எழுத்து மட்டும். நடுவில் நடந்ததை நாம்தான் போட்டுக்கொள்கிறோம். கரும்பலகையில் நான் ஒரு படியை எழுதாமல் விட்டால் பிள்ளைகள் அதை மனதிலேயே போட்டுக்கொண்டு அடுத்த படிக்கு வருவார்களே, அதுபோல. படம் பார்ப்பது சுலபம், எழுத்தைப் படிப்பதுதான் உழைப்பு என்கிறவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

வயது ஏற ஏற அதே கதைகள் வேறு கதைகளாகவும் ஆகின்றன. டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனின் கதைகளைச் சின்ன வயதில் துப்பாக்கிச் சண்டைக்காகப் படித்தேன். இன்றைக்கு என்னை இழுப்பது டெக்ஸுக்கும் அவர் கூட்டாளி கிட் கார்சனுக்கும் இருக்கிற நட்பு. கார்சன் சதா முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், ஆனால் ஒருமுறைகூட நண்பனைத் தனியாகப் போகவிட மாட்டார். 'இரத்தப் படலம்' இன்னொன்று. தன் பெயரே தெரியாமல் கரை ஒதுங்கும் ஒருவன், தான் யார் என்று தேடிக்கொண்டு போகிற கதை. பாகம் பாகமாக, வருடக்கணக்கில் காத்திருந்து படித்தோம். 2010இல் 18 பாகங்களும் ஒரே தடித்த புத்தகமாக வந்தன. அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தேன். நடுவில் விழித்துக்கொண்டு, "நீ யாரும்மா?" என்பார். பதில் சொல்லிவிட்டு மறுபடியும் புத்தகத்துக்கு வருவேன். பத்தாம் வகுப்பில் படித்தபோது, அவன் யார் என்ற மர்மம் மட்டும்தான் எனக்குக் கதை. இந்த முறை, தன்னையே தெரியாதவனுக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்பதுதான் கதை முழுக்க இருந்தது. அந்த மாதங்களில் வேறு எந்தப் புத்தகமும் என்னை அப்படித் தாங்கவில்லை.

ஆசிரியர்கள் அறையில் என் மேஜைமேல் புத்தகத்தைப் பார்த்தால், "பேரனுக்கா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் என்பேன். "இன்னுமா?" என்று அடுத்த கேள்வி வரும். 80களின் இளையராஜா பாட்டுக் கேட்கிறவரை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போகிற ஐம்பது வயதுக்காரரை யாரும் இன்னுமா என்று கேட்பதில்லை. நவராத்திரிக்கு ஒரு வீட்டில் பல்லாங்குழியை எடுத்து வைத்தால் எல்லோரும் ஆசையாகச் சுற்றி உட்கார்கிறோம். இளமையில் பழகிய ஒன்றைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வது இவற்றுக்கெல்லாம் சரி என்றால் சித்திரக்கதைக்கும் சரிதான்.

இப்போது வருகிற இதழ்கள் நல்ல தாளில், பெரிய அளவில், வண்ணத்தில் வருகின்றன. 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸின் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' இதழ் வந்ததிலிருந்து இந்த மாற்றம். விலையும் அதற்கேற்ப இருக்கிறது, வாடகைக் கடைகளும் போய்விட்டன. அதனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். புத்தகக் காட்சியில் காமிக்ஸ் ஸ்டாலில் நின்றால் நரைத்த தலைகள்தான் அதிகம் தெரிகின்றன. அத்தனை பேரும் கதைகளைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசத் துடிக்கிறார்கள். பேசுவதற்குப் பொதுவான பத்திரிகைகளில் இடம் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் நூல் அறிமுகப் பகுதியில் நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு, சமையல்வரை வருகிறது. இத்தனை வருடத்தில் தமிழில் வந்த ஒரு காமிக்ஸைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. மாதம் ஒரு முறை, அரைப் பக்கம் போதும். சிறுவர் பகுதியில் போட வேண்டாம், மற்ற நூல்களோடு சேர்த்தே போடுங்கள். கதையோடு ஓவியத்தைப் பற்றியும் மொழிபெயர்ப்பைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். முதல் கட்டுரைக்கு ஒரு பக்கத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறேன். வெறும் அறையில் சுவர் ஓரமாகப் போகிற அந்தக் கை.

அன்புடன்,
கணித ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.