ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழியைத் திறக்க உதவுங்கள்: ஊருணித் திருப்பணிக் குழுவின் வேண்டுகோள்

உள்ளூரில் இருக்கும் ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும், சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் ஊருக்கு வருகிறவர்கள் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது டேங்கர் லாரித் தண்ணீர். பந்தலைப் பிரித்த மறுநாள் லாரி வருவதில்லை. மற்ற நாட்களில் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான்; பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, புளி போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் முறைவைத்து வருகிறது, முறை தவறியும் வருகிறது. குடிக்க கேன் வாங்குகிறோம். பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அந்தக் கேனைத் தூக்கிக் கவிழ்த்துத் தரக்கூட ஆள் கிடைப்பதில்லை. காரைக்குடி பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மருந்து வாங்க வேண்டும் என்றாலும் அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். பஸ்ஸும் மருந்தகமும் நம் கையில் இல்லாத விஷயங்கள், மனுக் கொடுத்திருக்கிறோம். ஊரின் குடிநீர்க் குளமான ஊருணி நம் கையில் இருக்கிறது.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. செம்பூரான் கல் நிலம், கோடையில் பாறையாக இறுகிவிடும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத் தண்ணீரை ஆண்டு முழுக்கக் குடிப்பதற்காகவே நம் முன்னோர் ஊரைச் சாய்வாக அமைத்தார்கள். ஓட்டில் விழும் மழை, கூரைச் சரிவுகள் கூடும் கூடல்வாய் வழியாக வீட்டு நடுவில் உள்ள வளவு முற்றத்தில் இறங்கும். அங்கே அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் தரைக்கடியில் ஓடி வீதிக் காலுக்குப் போகும், வீதிக் கால் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேரும். ஊருக்கு மேற்கே உள்ள பொட்டலின் மழையும் அதே வரத்துக்காலில் வரும். ஊருணி வாயில் ஒரு சிறு பள்ளம், வண்டல் அதில் தங்கித் தெளிந்த நீர் உள்ளே இறங்குவதற்காக. செருப்புக் காலோடு யாரும் கரையேறக் கூடாது, குளிக்கவும் துவைக்கவும் தனிக்குளம். மழைக்காலத்தில் கலங்கல் இருந்தால் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை நாலு தேய்ப்புத் தேய்த்து வைப்பார்கள், சற்று நேரத்தில் மண் அடியில் இறங்கிவிடும். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சிகளைக் கேளுங்கள், அந்தக் கொட்டையை எந்த மாடத்தில் வைத்திருந்தார்கள் என்பது வரை சொல்வார்கள்.

இன்று ஊருணியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. முன்பு ஒருமுறை அதை வெட்டித் தூர்வாரினார்கள், படித்துறைக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள். அடுத்த மழையில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. காரணம் ஊருணிக்குள் இல்லை. தார் ரோட்டின் மேல் சிமெண்டு ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டு, பெரிய வீதியில் சில வீடுகளின் படிகளில் இரண்டை ரோடு விழுங்கிவிட்டது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்புகிறது, ஊருணிப் பக்கம் போவதில்லை. வரத்துக்கால் ரோட்டைக் கடக்கும் இடத்தில் உள்ள சிமெண்டுக் குழாய் மண்ணடைத்துக் கிடக்கிறது. வாசலில் நின்று கோலம் போடுகிற எவருக்கும் இது தெரியும்.

ஆகவே இந்த முறை பணத்தில் பெரும்பங்கு வரத்துக்காலுக்கே போகும். அதை முழு நீளத்துக்கும் அளந்து எல்லைக்கல் நட்டு வெட்டுவது, அடைபட்ட குழாயை எடுத்துவிட்டு அகலமான கல்வெர்ட் கட்டுவது, வண்டல் தங்கும் பள்ளத்தைச் செம்பூரான் கல்லால் திரும்பக் கட்டுவது, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது. தரைமட்டத்தில் வெட்டினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். வெட்டிய மரம் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். ரோட்டைத் தொடுவதற்கும் வண்டல் எடுப்பதற்கும் ஊராட்சி, வட்டாட்சியர் அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். வரும் வண்டல் நம் ஊர் வயல்களுக்கே போகும்.

நுழைவாயில் வளைவு, கிரானைட் கல்வெட்டு, எவர்சில்வர் கம்பி ஆகியவற்றுக்குத் தனியாக நன்கொடை தருவதாகச் சிலர் அன்போடு சொன்னார்கள். மரியாதையோடு மறுத்துவிட்டோம். தண்ணீர் நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம்.

படித்துறை ஊர் முழுவதுக்கும் பொது. அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே படியில் இறங்கியதில்லை என்பதை மறைப்பதற்கில்லை. இனி அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நகரத்தாரில் புள்ளி, அதாவது மணமான குடும்பம், ஒன்றுக்கு 5,001 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்குத் தொகை விதிக்கவில்லை, மனம்போல் தரலாம். நாட்டார் தெரு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கரைவேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நன்கொடைக் கணக்கிலேயே எழுதப்படும்.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், யார் கையிலும் ரொக்கமாகத் தர வேண்டாம். பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். வரவு செலவு மாதந்தோறும் சிவன் கோவில் முகப்பில் ஒட்டப்படும். வருமான வரிச் சலுகைச் சான்று நம் குழுவிடம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஆவணி முடிவதற்குள் வரத்துக்கால் வேலை முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஐப்பசி மழையும் ரோட்டோடு போய்விடும். பணம் அனுப்புகிறவர்கள் ரசீது யார் பெயரில் வேண்டும் என்பதையும் வீட்டு விலாசத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் நம் ஊரில் பல பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழுவினர்