நல்ல உடம்பு எதற்கு என்று கேட்டேனே

திருவையாறு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குறுவை அறுத்தாயிற்று, சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம்.

ஆராய்ச்சிக்காக நீயே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள் படுப்பதாகச் சொன்னதும் போனில் சத்தம் போட்டேன். "நோயில்லாத உடம்பை எதுக்கும்மா உள்ளே விடுறே?" என்றேன். அது தப்பு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் என் இடுப்புவலிக்குத் தஞ்சாவூரில் அதே ஸ்கேன் எடுத்தார்கள். உலோகம் எதுவும் உள்ளே கூடாது என்றதும் எனக்கு முன்னால் ஓர் அம்மா தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாமல் அழுதார். மருமகள் ஓடிப்போய் மஞ்சள் கயிறு வாங்கிவந்து கட்டிய பிறகுதான் உள்ளே போனார். நான் வெள்ளி அரைஞாணைக் கழற்றினேன். டிராக்டர் எஞ்சினில் காதை வைத்த மாதிரி இரைச்சல். அசையக்கூடாது என்றார்கள். இருபது நிமிஷம் தாங்கினேன், அப்புறம் முடியவில்லை. படம் கலங்கிப்போய் மறுபடி எடுத்தார்கள்.

உள்ளே படுத்திருக்கும்போது நீ சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான், நம் உடம்புத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன்தான் பதில் சொல்கிறது என்றாய். 1977இல் முதல் உடம்புப் படத்துக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது, மறுவருஷம் மான்ஸ்ஃபீல்டு என்ற விஞ்ஞானி தான் செய்த மெஷினுக்குள் தானே போனார் என்றாய். அப்படி யார் யாரோ உள்ளே போனதால்தான் எனக்கு அரைமணியில் முடிந்தது.

நம் தொழிலிலும் இதுதானே? புது ரகத்தை முதலில் உவர் நிலத்தில் விதைத்தால், பயிர் கருகியது விதையாலா மண்ணாலா என்று யார் சொல்வது? அதற்கு நல்ல வயல் வேண்டும். உன் முதுகெலும்புப் படத்தில் இல்லாத நிழல் விழுந்தால் மெஷினைச் சந்தேகிக்கலாம். என் இடுப்பில் விழுந்தால் எதை நம்புவது?

ஆனால் ஆடுதுறை 36 நெல் ஆராய்ச்சிப் பண்ணையோடு நின்றுவிடவில்லையே, கயல். முறைத்தண்ணீர் பிந்தி வந்த நம் மேட்டு வயலிலும் விளைந்ததால்தான் உன் தாத்தா அதை நம்பினார். கல்லு மாதிரி அசையாமல் படுக்கும் இளவட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாதம்மா. மூச்சை அடக்கச் சொன்னால் பாதியில் விட்டுவிடுகிற என் வயசுக்காரர்களையும் படுக்க வையுங்கள்.

இன்னொன்று. உன் படத்தில் எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் எங்களிடம் மறைக்காதே. அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

தையில் அறுவடை முடிந்ததும் அங்கே வருகிறேன். என் உடம்பில் பிளேட், பேஸ்மேக்கர் எதுவும் இல்லை. எத்தனை வயசுவரை சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா