செவிலியர் பை ஏந்தி வரும் தெரு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிகள் வரிசை நீளும்போதெல்லாம் கூடுதல் கட்டடமும் கூடுதல் படுக்கைகளும் கேட்கிறோம். அவையும் தேவைதான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் பலரை, நோய் முற்றுவதற்கு முன்பே ஊரிலேயே பார்த்து அனுப்பியிருக்க முடியும் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, தடுப்பூசி போட எங்கள் தெருவுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர், எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணியின் முகம் வீங்கியிருப்பதைக் கவனித்தார். பையிலிருந்த கருவியால் இரத்த அழுத்தம் பார்த்தார், 150/100 இருந்தது. மூன்றாம் மாதத்தில் அவரே பதிவுசெய்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிக் கொடுத்த பெண் என்பதால், அப்போது 110/70 இருந்தது அவருக்கு நினைவிருந்தது. உடனே 108 ஆம்புலன்சை அழைத்தார். தாயும் சேயும் இன்று நலம். அவர்களைக் காத்தது விலையுயர்ந்த கருவி எதுவுமன்று; அந்தப் பெண்ணை மாதந்தோறும் பார்த்துவந்த ஒருவரின் கண்.

அந்தக் கண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் என் குடும்பம் அறியும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்து 2019-இல் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்ட என் அண்ணனை, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க யாருமில்லை. ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது; வலது கை இன்றுவரை எழவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவதைப் பார்க்கும்போது, இரண்டு ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எழுகிறது.

ஆரம்ப சுகாதாரமே மருத்துவ அமைப்பின் அடித்தளம் என்று 1978-இல் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா அட்டா நகரில் கூடிய உலக நாடுகள் அறிவித்தன. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கண்டது நம் மாநிலம். பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் மருந்து கொள்முதலுக்கெனத் தனிக் கழகமும் இங்கு உண்டு. இவ்வளவும் இருந்தும், சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமைய வேண்டிய துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியாகி, பக்கத்து ஊர்ச் செவிலியரே இரண்டையும் பார்க்கும் நிலை எங்கள் பக்கம் பல மாதங்கள் நீடித்தது. இருப்பவரின் நேரத்தையும் பதிவேடுகளும் கணினிப் பதிவுகளும் எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே காலியிடங்களை உடனுக்குடன் நிரப்புவதோடு, வட்டார அளவில் பதிவுப் பணிக்கெனத் தனி ஆட்களை அமர்த்த வேண்டும். பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் சிகிச்சைக் குறிப்பும் அந்தந்த ஊர்ச் செவிலியருக்குத் தவறாமல் கிடைக்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
முசிறி வட்டம், திருச்சி மாவட்டம்.